ஒரே லாட்டில் பத்து டப்பா

ஒரு குடை வாங்க நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போகும் ஆள் நான். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்கத் தெரியவில்லை என்பது என் மனைவியின் நெடுநாள் புகார். பத்தாம் வகுப்பில் மகள் ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்ந்தபோதும், அவள் எப்படிச் சுடுகிறாள் என்பதைவிட எதை வைத்துச் சுடுகிறாள் என்பதில்தான் என் கண் போனது.

சேலையூரில் ஒரு கட்டடத்தின் மாடிக் கூடம்தான் கிளப். துப்பாக்கி அவர்களுடையது, குண்டு நம்முடையது. பெல்லட் என்பார்கள்; மிளகு அளவில் ஈயக் குண்டு, டப்பாவில் அடைத்து வரும். தீவிரமாகப் பயிற்சி எடுத்தால் ஒரே நாளில் நூறு காலியாகிவிடும். வெளிநாட்டுச் சரக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. உள்ளூர்ச் சரக்கு மலிவு, ஆனால் ஒன்று நடுவில் விழுந்தால் அடுத்தது ஓரத்துக்குப் போகும். கோச்சிடம் புலம்பினேன். கம்பெனிப் பேரைப் பார்க்காதீர்கள், டப்பாவின் அடியில் இருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் செய்த சரக்குக்குப் போடும் எண்ணைப் பாருங்கள் என்றார். மலிவான சரக்கிலும் நல்ல லாட் வரும், கிடைத்தால் மொத்தமாக வாங்கி, பயிற்சிக்கும் போட்டிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் யோசனை.

அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மலிவான டப்பாக்களாகப் பார்த்து நாலைந்து லாட் வாங்கினேன். கிளப்பில் துப்பாக்கியை மேசையில் அசையாமல் பிடித்துவைத்து, ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டு, அட்டையில் ஓட்டைகள் எவ்வளவு சிதறி விழுந்தன என்று அளந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. ஒரு லாட்டில் மட்டும் ஐந்து குண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போயின. மறுநாளே கடைக்கு ஓடி, டப்பா டப்பாவாகத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாரி பாத்துகினு கீறீங்க?" என்றார் கடைக்காரர்.

அந்த எண்ணில் பத்து டப்பா கிடைத்தது, பத்தையும் தூக்கி வந்தேன். அன்று எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

மகளுக்கு பிசியோதெரபி படிக்க ஆசை. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணம் கிடையாது. கட்டணம் கட்டிச் சேர்க்க எங்களால் முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில், ஜனவரியில் நடந்த தகுதிப் போட்டியில் அவள் குறைந்தபட்சப் புள்ளியைத் தாண்ட வேண்டும், அது ஒன்றுதான் வழி. பயிற்சியில் அதை அவள் சர்வசாதாரணமாகத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு முடிச்சூரில். 2015 வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற தெரு. அதன் பிறகு ஐப்பசி பிறந்தால் தெருவே மூட்டை கட்டும். பத்திரங்கள், சான்றிதழ்கள், கல்யாண ஆல்பம் எல்லாம் மூடி போட்ட டிரம்மில் பரணுக்கு ஏறும். அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம், மீதமிருந்த டப்பாக்களில், போட்டிக்கென்று மூன்றை ஒதுக்கினேன். சொட்டு நீர்கூடப் புகக்கூடாதென்று, குளியலறைக் கண்ணாடிக்குப் பூசும் சிலிக்கானை வாங்கி, ஒவ்வொரு டப்பாவின் விளிம்பிலும் உள்ளும் புறமும் பூசினேன். அது காய்வதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, அதன் மூடியையும் அடைத்தேன். வீடெல்லாம் புளித்த வாடை அடித்தது. மழை நல்லபடியாகவே போனது, தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை.

மற்ற டப்பாக்கள் பயிற்சியில் தீர்ந்துவிட்டன. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, மகள் பள்ளியில் இருந்தபோது பெட்டியைத் திறந்தேன். குண்டுகள் விபூதி பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தன. மூன்று டப்பாவும் அப்படியே. சிலிக்கான் காயும்போது வரும் அமில வாடை ஈயத்தை அரித்துவிடும் என்று ஆலையின் லேப்காரர் பிறகு சொன்னார். மூடிய பெட்டிக்குள் அந்த வாடையைச் சேர்த்து அடைத்தவன் நான்தான்.

கோச்சிடம் ஒரு போன் போட்டிருந்தால் வேறு டப்பா கொடுத்திருப்பார். போடவில்லை. புது லாட் அவள் துப்பாக்கிக்குப் பழகாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, பார்வைக்கு நன்றாக இருந்தவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவை நிரப்பினேன். ஆலையில் இப்படி ஒரு பாகம் வந்திருந்தால் யோசிக்காமல் ரிஜெக்ட் சீட்டு ஒட்டியிருப்பேன்.

போட்டியில் முதல் பத்து குண்டுகள் நன்றாக விழுந்தன. பிறகு ஒன்று, பத்துப் புள்ளி தரும் நடுவை விட்டு, ஏழாம் வளையத்துக்குப் போனது. மகள் தோளைத் தளர்த்தி, கால்களை மாற்றி வைத்துச் சுட்டாள். இரண்டு நன்றாக விழ, அடுத்தது மறுபடி ஓரத்துக்குப் போனது. கன்னத்தை வைக்கும் இடத்தை மாற்றினாள், மூச்சு விடுவதை மாற்றினாள். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தகுதிப் புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்தது.

மகள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "என் கைதான்பா சரியில்ல" என்றாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பெரிய போட்டி என்றால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும் என்று சொன்னேன். ஆம், அதையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் கிளப்புக்குப் போய், துப்பாக்கியை மேசையில் பிடித்துவைத்து மிச்சக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தேன். அசையாத துப்பாக்கியிலும் பத்தில் இரண்டு தெறித்துப் போயின. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினேன். அவள் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை.

பி.காம். சேர்ந்தாள். நன்றாகப் படித்தாள். கடைசி ஆண்டில், கல்லூரியிலேயே ஒரு நிறுவனம் ஆள் எடுக்க வந்தபோது அவள் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கோபமாகக் கேட்டேன். "முக்கியமான நாள்ல என் கை நிக்காதுப்பா. உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள், சாதாரணமாக, ரத்த வகையைச் சொல்வதுபோல.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சிலிக்கான், வெள்ளைப் பூச்சு, வேட்டித் துணி, கிழித்த அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பெல்லட் போனா போகட்டும்பா. என் கைதான்னு நான் அழுதப்ப நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.