மார்வா அம்மாளின் ஆணி

"எத்தனை வோல்ட்?" என்றார் மார்வா அம்மாள். வந்தவர் இன்னும் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. சௌக்கியமா, வெளியே பனி நின்றுவிட்டதா என்பதெல்லாம் அம்மாளுக்கு இரண்டாம் பட்சம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், பழைய தீயணைப்பு நிலையத்தின் நிலவறைதான் ஊர்ப் பொதுப் பட்டறை. சனிக்கிழமைதோறும் அங்குள்ள மின்னணு மேசை அம்மாளின் ஆட்சிக்கு உட்பட்டது. மற்ற நாட்களில் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறார். வாயைத் திறந்து படுத்தவன் எதிர்த்துப் பேச முடியாத உன்னதத் தொழில். சனிக்கிழமை வருகிறவர்களுக்குப் பேசும் வாய் இருக்கிறது என்பதே அவருடைய தீராத மனக்குறை.

மேசைக்குப் பின்னால் ஒரு பலகை. கருகிய மின்னணுச் சர்க்யூட் போர்டுகளை அதில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் அதைக் கொன்றவரின் பெயர். கொலைகள் பல, முறை ஒன்றே: மூன்று சொச்சம் வோல்ட் மட்டுமே தாங்கும் போர்டின் கம்பிக்காலில் ஐந்து வோல்ட்டைக் கொண்டுபோய்ச் செருகியது. அம்மாளும் தொண்டை வற்றச் சொல்லிவிட்டார். "அது பச்சைக் குழந்தைப்பா. கரண்டியால ஊட்டணும், அண்டாவைக் கவுக்கக் கூடாது." தலையாட்டுவார்கள். செருகுவார்கள். புகை வரும்.

இன்று வந்த டுவேன் டீபோவின் பெயர் பலகையில் இரண்டு இடத்தில் இருக்கிறது.

டுவேன் மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிறவர். போன பருவத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். சாறு வற்றி, காய்ச்சும் தட்டே அடி கருகி ஓட்டையாகிவிட்டது. இந்த முறை, சாற்றின் மட்டம் குறைந்து சென்சார் வெளியே தெரிந்தால் ஊளையிடும் கருவி ஒன்று வேண்டும். நாளைக்கு மரங்களில் சாறு இறங்கிவிடும். கையில் மிச்சமிருப்பது ஒரே ஒரு போர்டு.

"இந்த ரெசிஸ்டர் எல்லாம் எதுக்கு? போன தடவை சென்சாரை நேராவே செருகினேன், அரை மணி நேரம் அழகா ஓடிச்சே!"

"ஏப்ரல் மாசத்துல உருகுற ஏரிப் பனி மேல நடந்தவனும் பாதி ஏரி வரைக்கும் அழகாத்தான் போனான்."

"பல்லு புடுங்கும்போதும் இப்படித்தான் பேசுவீங்களா, தாயே?"

"நான் புடுங்கறதில்ல, தேய்க்கிறேன். நீ அந்தப் பக்கமே வர்றதில்லன்னு உன் சிரிப்பைப் பார்த்தாலே தெரியுதே."

சமாச்சாரம் சிறிது. வெளியே வந்த சென்சார் ஐந்து வோல்ட் அனுப்பும்; அதன் கம்பியில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சின்ன ரெசிஸ்டர் ஒன்று; அடுத்து ஒரு பெரியது, அதன் மறுகால் கிரவுண்ட் என்னும் பூஜ்ய வோல்ட் துளையில். இரண்டும் சேரும் இடத்தில் ஐந்து வோல்ட் மூன்று சொச்சமாக இளைத்திருக்கும். அங்கிருந்து போர்டுக்குக் கம்பி இழுக்க வேண்டும். டுவேன் முணுமுணுத்தபடியே எல்லாவற்றையும் துளைகள் நிறைந்த சோதனை அட்டையில் செருகி முடித்து, சாற்றுக்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீரில் சென்சாரை மூழ்கடித்தார்.

மேசைச் சட்டப்படி, கடைசிக் கம்பியைப் போர்டுக்கு உரியவரே மாட்ட வேண்டும். அப்போது அம்மாள் வாய் திறக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, சுத்தியலும் கையுமாக நிற்பார். முன்னேற்பாடு.

பெரிய ரெசிஸ்டரின் கால், கிரவுண்டுக்குப் பக்கத்துத் துளையில் அநாதையாக நின்றது. அம்மாள் பார்த்துவிட்டார். இப்படியே மாட்டினால் ஐந்தும் குறையாமல் இறங்கும். டுவேனின் கை போர்டை நோக்கி நகர்ந்தது. ஆணி ஓர் உதட்டோரத்திலிருந்து மறு உதட்டோரத்துக்கு ஓடியது. சட்டமாவது மண்ணாவது என்று அம்மாள் வாயைத் திறக்கப் போனார்.

கை நின்றது. டுவேன் பலகையில் தன் பெயரைப் பார்த்தார், இரண்டு இடத்திலும்.

"அந்த மீட்டரைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

வாளித் தண்ணீரிலிருந்து சென்சாரைத் தூக்கி, ரெசிஸ்டர்கள் இரண்டும் சேரும் இடத்தில் மீட்டரை வைத்தார். ஐந்து. "அடக் கடவுளே!" என்று குனிந்து, ஒவ்வொரு துளையாகத் தேடி, அந்தக் காலைப் பிடுங்கி உரிய இடத்தில் நட்டார். மூன்று சொச்சம். சென்சாரைத் தண்ணீரில் இறக்கி, கம்பியை மாட்டி, மறுபடி தூக்கினார். வாலை மிதித்த நாய்போல் கருவி ஊளையிட்டது.

"இப்ப என்ன சொல்றீங்க? இனிமே அந்த ஆணிக்கு வேலை இல்லையே?"

அம்மாள் உதட்டிலிருந்து ஆணியை எடுத்தார், சட்டையில் துடைத்தார், பைக்குள் போட்டார். பையின் பொத்தானை மட்டும் போடவில்லை.