வலி நின்ற மதியம்

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். பாத்ரூமுக்கு அடிக்கடி போனால் மேனேஜர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்க மாட்டேன். சிறுநீரகத்தில் கல் வந்துவிட்டது.

ஸ்கேன் எடுக்க டவுன் பஸ்ஸில் போன அன்று, ஈரப்புடவையைப் பிழிவதுபோல இடுப்பு முறுக்கியது. பக்கத்து சீட்டு அக்கா, யாரென்றே தெரியாதவர், என் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தார். உக்கடம் நெருங்கும்போது வலி சட்டென்று நின்றது.

“நின்னு போச்சுங்க்கா! கல்லு எறங்கிருச்சாட்டம் இருக்குதுங்க. ஸ்கேன் வேண்டாம், நான் ஊட்டுக்கே போறனுங்க.”

அவர் சிரிக்கவில்லை.

“எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தான் நின்னுச்சு அம்மணி. சரியாப் போச்சுன்னு உட்டுப்போட்டோம். கல்லு ரெண்டு பக்கமும் அடைச்சுட்டு உள்ளயே இருந்திருக்குது. இப்ப டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு அலையறேன். நட, நானும் வாரேன்.”

ஸ்கேனில் என் கல் இருந்த இடத்திலேயே இருந்தது. சிறுநீரகம் வீங்கியிருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா…” என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கல்லை எடுத்தாயிற்று. மேனேஜர் முறைத்தாலும் தண்ணீர் குடிக்கிறேன். ஆனாலும், எங்கேயும் எதுவும் வலிக்காத மதியங்களில், புடவை மடித்துக்கொண்டிருக்கும் கை தானாக இடுப்புக்குப் போய் அழுத்திப் பார்க்கிறது.