ராகு காலத்தில் ஒரு ஸ்டார்ட்

போன திங்கட்கிழமை காலை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் மூன்றாம் மாடிக்கு விளக்கு ஏற்றப் போனேன். அங்கே இருப்பவர் மனோன்மணி அக்கா, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. வீட்டு ஹாலில் வாரம் ஒருநாள் பேச்சு ஆங்கில வகுப்பு ஆரம்பிக்கிறார். "தம்பி, நீர்தான் விளக்குக் கொளுத்தோணும்" என்று கட்டளை!

ஆரம்பிக்கிறார் என்றா சொன்னேன்? நாலு மாதமாக ஆரம்பிக்கிறார்! முதலில் ஆடி மாதம் கூடாது என்றார். பிறகு அட்டமி. காத்திருந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இந்தமுறை மூன்றே பேர் — புடவைக் கடைகளில் வேலை செய்யும் பெண்கள். இவர்களும் போனால் அக்கா வகுப்பு ஆசையையே மூட்டை கட்டிவிடுவார். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

எட்டரைக்கே மூவரும் வந்துவிட்டார்கள். ஒன்பது வரை ராகு காலம்...

"ஒன்பது அடிக்கட்டும் பிள்ளையள். பிறகு தொடங்குவம்."

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஸ்டெல்லாவின் முகம் வாடியது. "ஒன்பதரைக்குக் கடையில நிக்கோணும் டீச்சர்..."

அக்கா அசையவில்லை. பிறகு ஸ்டெல்லாவே வாயைத் திறந்தாள்.

"சும்மா கேக்கிறன் டீச்சர். ஸ்டார்ட் எண்டாலும் பிகின் எண்டாலும் தொடங்கிறதுதானே? ஏன் ரெண்டு சொல்லு?"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. தடித்த அகராதியை இறக்கினார். ஸ்டார்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் துள்ளிக் குதிப்பதாம்! தொடங்குவது என்ற அர்த்தம் வெகுகாலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. பிகின்? அது ஆதியிலிருந்தே தொடங்குவதுதான். ஆனால் அதன் வேர் எது என்று பண்டிதர்களுக்கே திட்டமாகத் தெரியாதாம்.

"காரை ஸ்டார்ட் பண்ணலாம், பிகின் பண்ண ஏலாது. எங்க, ஒவ்வொராளா ஒரு வசனம் சொல்லுங்கோ பாப்பம்!"

சொன்னார்கள். பிழைவிட்டார்கள். சிரித்தார்கள். நானும் ஒன்று சொல்லித் திருத்தம் வாங்கிக்கொண்டேன்.

நேரம் குறித்து நாம் தொடங்கியவை எத்தனை? நாம் கவனிக்காத நேரத்தில் தாமாகவே தொடங்கிவிட்டவை எத்தனை?

மணி ஒன்பது இருபது. அக்கா தலையில் கை வைத்தார். "ஐயோ, விளக்குக் கொளுத்தேல்லையே!"

பெண்கள் அவசரமாகப் பைகளைத் தூக்கினார்கள். வாசலில் ஸ்டெல்லா திரும்பினாள். "அடுத்த திங்களும் ஒன்பதுக்குத்தானோ டீச்சர்?"

அக்கா சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரை ஒருமுறை பார்த்தார்.

"எட்டரைக்கே வாங்கோ."