ஈட்டியைக் கீழே வைத்த நாள்

நேற்று பழங்காநத்தத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் சீட்டில் ஓர் அம்மாவின் மடியில் ராஜா உட்கார்ந்திருந்தார். ஏழு வயதிருக்கும். அட்டைக் கிரீடம், ஜிகினா மாலை, முறுக்கிய மீசை. மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, "ஆடாம இருடி, ஸ்கூல் வந்துரும்" என்று அதட்டியபோதுதான் ராஜா பெண்பிள்ளை என்று தெரிந்தது. குப்பியைத் திறந்ததும் வந்தது பாருங்கள் ஒரு வாடை! ஸ்பிரிட் கம், மீசை ஒட்டும் பசை. சாராயத்தில் பிசினைக் கரைத்தது போல மூக்கில் ஏறும். ஒட்டு மீசை வைத்தவனுக்கு அது ஜென்மத்துக்கும் மறக்காது. எனக்கு இரண்டு வருடம் அது மேலுதட்டிலேயே குடியிருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போய் வரலாற்றில் பட்டம் வாங்கினேன். வாங்கியதும் கிடைத்த முதல் வேலை, ஈட்டி பிடிப்பது. செல்வி அக்கா என்று ஒருவர், வரலாற்று டீச்சராக இருந்து வேலையை விட்டவர், சின்னக் குழு ஒன்று நடத்தினார். ஒரு பழைய வேனில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவோம். வேஷம் கட்டி வகுப்புக்குள் நுழைந்து, பழைய காலத்து ஆட்களாகவே பிள்ளைகளோடு முக்கால் மணி நேரம் பேசுவோம். நாடகம் மாதிரி மேடை கிடையாது, திரை கிடையாது. பிள்ளைகள் கை தூக்கிக் கேட்பார்கள், நாங்கள் அந்தக் காலத்து ஆளாகவே பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மகாலைக் கட்டிய ராஜாவாகக் காளிமுத்து அண்ணன். ஆறடி உயரம், குரல் கடைசி பெஞ்சைத் தாண்டிப் பக்கத்து வகுப்புக்கும் போகும். மந்திரியாகச் செல்வி அக்காவே தாடி ஒட்டிக்கொள்வார். நான் காவலாளி. வசனம் கிடையாது. வெல்வெட் சட்டைக்குள் முதுகில் வேர்வை ஓட, கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஈட்டியோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடம் வேலையை விளக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. "அம்புட்டுப் படிச்சது கம்பு புடிக்கவாடா?" என்றார். "கம்பு இல்லம்மா, ஈட்டி" என்றேன், பட்டதாரியின் கௌரவத்தோடு.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. வேஷத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்கக் கூடாது. தப்பாகவே இருந்தாலும் மற்ற இரண்டு பேரும் வேஷத்துக்குள்ளேயே நின்று சமாளிக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து தூண்களுக்குப் பூசினோம் என்று ராஜா சொல்வார். உடனே எங்காவது ஒரு கை எழும்பும். "அப்ப மஞ்சக்கரு என்னாச்சு?" முதல் தடவை காளிமுத்து அண்ணன் திணறிப்போய், "அதை மந்திரியிடம் கேள்" என்று தள்ளிவிட்டார். அக்கா தாடியை நீவிக்கொண்டே, "அரசருக்கு ஆம்லேட்" என்றார். அன்று வகுப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்தக் காலத்தில் ஆம்லேட் ஏது என்று வேனில் நான் கேட்டதற்கு, "சொன்னது சொன்னதுதான்" என்று முடித்துவிட்டார்.

அவனியாபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில்தான் நான் முதலில் வாய் திறந்தேன். ராஜா தூண்களின் உயரத்தை வர்ணித்து, "யாமே கட்டினோம்" என்று மார் தட்டினார். முன் பெஞ்சில் எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்ட ஒருத்தி எழுந்தாள். "நீங்க ஒரு ஆளா எப்படிக் கட்டுவீங்க? அம்புட்டு உசரத்துக்குச் செங்கலையும் சாந்தையும் யாரு தூக்குனா?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி ராஜாவைப் பார்த்தார். எழுதி வைத்ததில் அதற்குப் பதிலே இல்லை. என் வாயிலிருந்து வந்துவிட்டது: "நான்தான் தூக்குனேன்."

காளிமுத்து அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மீசையே உதிர்ந்திருக்கும். ஆனால் சட்டம் சட்டம்தானே. "ஆம், இவன்தான் தூக்கினான்" என்று கர்ஜித்தார். அப்புறம் ஒரு கேள்விகூட ராஜாவுக்கு வரவில்லை. "வெயில்ல கால் சுடலையா?" "ராஜா சாப்பாடு போட்டாரா?" "உங்க பிள்ளைகளும் தூக்குச்சா?" எல்லாம் எனக்குத்தான். எனக்குப் பதில் தெரியும். வீட்டில் அம்மா உள்ளங்காலில் எண்ணெய் தேய்க்கும்போது கேட்டவைதான் அத்தனையும். அம்மா கட்டட வேலையில் சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோகிறவர்.

வேனில் அண்ணன், "மாப்ள, என் அரண்மனையையே எழுதி வாங்கிட்டியேடா" என்றார்.  மறுநாள் அக்கா எனக்கென்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துச் சும்மாடு சுற்றிக்கொண்டேன். அதன் பிறகு பாதி நேரம் காவலாளி, பாதி நேரம் சாந்து சுமக்கிறவன்.

பசுமலைப் பக்கம் ஒரு பெரிய தனியார் பள்ளிக்கூடம் எங்களைக் கூப்பிட்டது. அந்த நிர்வாகத்துக்கு வேறு பள்ளிகளும் இருந்தன. இது சரியாக அமைந்தால் வருஷம் முழுக்க வேலை. அதோடு அலுவலகத்திலிருந்து போனில் ஒரு வார்த்தையும் வந்தது: பெற்றோர் எல்லாம் வருகிறார்கள், ராஜா, மந்திரி போதும், அந்தக் கூலிக்காரர் பகுதி வேண்டாம், பார்க்க நன்றாக இருக்காது. அக்கா என்னிடம், "இன்னிக்கு ஒரு நாள் ஈட்டியோட நில்லு தம்பி. இதை விட்டா நம்ம வண்டி நின்னுரும்" என்றார். சரி என்றுதான் சொன்னேன். மனசாரச் சொன்னேன் என்றுகூட நினைத்திருந்தேன்.

ஆனால் அந்தக் கட்டடத்தை எனக்கு முன்பே தெரியும். நான் பிளஸ் டூ படித்தபோது அம்மா ஒரு வருஷம் அங்கேதான் வேலைக்குப் போனார்.  ஏசி ஹால். முன் வரிசையில் தாளாளர், பின்னால் பெற்றோர், நடுவில் பிள்ளைகள். ராஜா மார் தட்டினார்: "யாமே கட்டினோம்!" எல்லோரும் கை தட்டினார்கள். கேள்வி கேட்க யாரும் எழவில்லை. ராஜா சொன்னது அப்படியே நின்றுவிடும் போலிருந்தது.

ஈட்டியைக் கீழே வைத்தேன். இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடுவில் வந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன். "அரசே, நீங்க சொன்னீங்க, நாங்க தூக்குனோம்" என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. வேகத்தில், "பொழுது விடியறதுக்குள்ள நூறு சட்டி சிமெண்டு" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஒரு பையன் துள்ளி எழுந்தான். "அப்போ ஏது சிமெண்ட்? சுண்ணாம்புதானே!" ஹால் முழுக்கச் சிரிப்பு. தாளாளரும் சிரித்தார்.  காளிமுத்து அண்ணன் சமாளிக்க வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தி, சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்தேன்.

"தப்புத்தான் தம்பி. அப்ப சுண்ணாம்புதான். சிமெண்டு தூக்குறது எங்கம்மா. நீங்க உட்கார்ந்திருக்கீங்கள்ல, இந்தக் கட்டடம், இதுல மூணு மாடிக்கும் எங்கம்மாவும் தூக்கியிருக்காங்க. அதான் வாயில வந்துருச்சு."

சிரிப்பு நின்றது. அந்தப் பையன் உட்காரவில்லை. தலையைத் தூக்கி மேலே சீலிங்கைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "அவங்க இங்க வந்து பார்த்தாங்களா, கட்டி முடிச்ச பிறகு?" என்றான்.

"இல்ல" என்றேன். அதற்குள் பள்ளிக்கூடத்து ஆள் யாரோ ராஜாவின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "தேங்க்யூ, தேங்க்யூ" என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. அவர்களுடைய மற்ற பள்ளிகளும் கூப்பிடவில்லை. அன்று வேனில் அக்கா தாடியை உரித்துக்கொண்டே சொன்னார்: "என் பேச்ச மீறுனது தப்பு. சட்டத்த உடைச்சதும் தப்பு. சொன்னது தப்பில்ல. ஆனா நாளைக்கு எங்க போறதுன்னு எனக்குத் தெரியல." காளிமுத்து அண்ணன், "ராஜாவையே கை காட்டி நிறுத்துனான்க்கா இவன்" என்று மட்டும் சொன்னார். வருத்தமா, பெருமையா என்று இன்றுவரை கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னைய ஏண்டா அம்புட்டுப் பேருக்கு முன்னால இழுத்த?" என்று முதலில் கோபப்பட்டார். சோற்றைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மூணு மாடி இல்லடா, நாலு. மேல தண்ணித் தொட்டிக்கும் நாங்கதான் தூக்குனோம். சொல்றதச் சரியாச் சொல்லு" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் வேன் நின்றது. அக்கா வேஷத் துணிப் பெட்டியைக் கல்யாண உடை வாடகைக்கு விடும் கடைக்குக் கொடுத்தார். அண்ணன் இப்போது கால் டாக்ஸி ஓட்டுகிறார். என்னால்தான் நின்றது என்று இருவரும் சொன்னதில்லை, நான் அப்படித்தான் நினைக்கிறேன். நினைத்தும், அந்த ஹாலில் மறுபடி நிறுத்தினால் அதையேதான் சொல்வேன், இந்த முறை நாலு மாடி என்று.

பள்ளிக்கூடங்களில் இப்போது பெரிய திரை வைத்திருக்கிறார்கள். அதில் ஓடும் பாடத்தை நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகள் போனில் காட்டினார்கள். மகால் அதில் பளபளவென்று எழும்புகிறது. ராஜா சுத்தத் தமிழில் பேசுகிறார், தடுமாறுவதில்லை, சிமெண்டு என்று உளறுவதில்லை. தூண்கள் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கை தூக்கினாலும் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார்.