காப்பி பூசிய ஓட்டக்காரன்

புத்தகம் விற்பவனுக்குக் கரையானைவிடப் பெரிய எதிரி, நின்றபடியே முழுப் புத்தகத்தையும் பார்த்து முடித்துவிடும் வாடிக்கையாளர்தான். கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலாயா சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா வருஷத்தில் காஜா பெராங் ரோட்டில் நானும் மச்சான் சின்னையாவும் கடை நடத்தினோம். முக்கால்வாசி பூசைச் சாமான், ஒரே ஒரு அலமாரி புத்தகம். அலமாரி என் பிடிவாதம்.

அண்ணன் தம்பி

புத்தக மூட்டை வந்த அன்று கடையில் இருந்தவர்கள்: நான், மச்சான், மூட்டையை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கிய பெச்சாக்காரர், சாம்பிராணி வாங்க வந்த செட்டி கம்பத்து அம்மாள். உள்ளே நான் தருவித்த பிள்ளைகள் படப் புத்தகம், முப்பது பிரதி. அமெரிக்காவில் ஒரு கறுப்பு ஓட்டக்காரன். வெள்ளையர் மைதானத்தில் அவனைக் கால் வைக்க விடவில்லை. வேலிக்கு வெளியே மண் ரோட்டில் ஓடிப் பழகி, பின்னாளில் அவர்களோடே ஓடி ஜெயிக்கிறான். "இது போகலன்னா அலமாரியக் கழட்டிட்டு ஊதுபத்தி அடுக்கிடுவேன்," என்றார் மச்சான்.

பிரித்தால், அச்சகத்தார் சாமி காலண்டருக்கு வைத்திருந்த ரோஜா நிறத்தையே எல்லா முகத்துக்கும் போட்டிருந்தார்கள். ஓடுகிறவன், தடுக்கிறவன், எல்லாரும் ஒரே நிறம். செட்டி கம்பத்தில் பல தலைமுறையாக மலாய்தான் பேச்சு; அம்மாளுக்குத் தமிழ் வராது. படங்களைக் கடைசிவரை புரட்டிவிட்டு மலாயில் கேட்டார்: "அண்ணன் தம்பிக்குள்ள என்ன சண்டை?"

எறும்பு

எதிர்க் காப்பிக் கடையில் ஒரு கோப்பி ஓ வாங்கி, மெல்லிய தூரிகையால் ஓட்டக்காரனுக்கு மட்டும் முகம், கை, கால் என்று பூசினேன். கோடு தாண்டாமல் ஐந்து பிரதி முடித்துக் காயப் போட்டேன். நம் ஊரில் கோப்பி ஓ என்றால் கறுப்புக் காப்பி, சர்க்கரை சேர்ந்தே வரும். வேண்டாமென்றால் கோசோங் என்று தனியாகச் சொல்ல வேண்டும். தினம் குடிக்கிற பழக்கத்தில் அதைச் சொல்ல மறந்தேன்.

காலையில் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் எறும்பு. வெள்ளைக்காரர்கள் மேல் ஒன்றுகூட இல்லை. பெச்சாக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பாவம்ணே, எறும்பும் அவனையேதான் புடிச்சி வெச்சிருக்கு."

கொஞ்சம் வெளுப்பாக

எறும்பைத் தட்டி, கற்பூரத் தூள் தூவி, மீதிக்குக் கோசோங் வாங்கிப் பூசினேன். அச்சகத்தாருக்குக் காட்ட ஒன்றை மட்டும் பூசாமல் அப்படியே வைத்தேன். ஒரு கிளார்க் வீட்டு அம்மா பிறந்தநாள் பரிசுக்கு வந்தார். "ஏண்ணே இவ்ளோ கறுப்பு? கொஞ்சம் வெளுப்பா ஒண்ணு எடுங்க." பூசாத பிரதியை நீட்டினேன். "இதுல யாரு ஜெயிச்சது?" என்றார். நான் காப்பி பூசிய பிரதியைத் திரும்ப நீட்டினேன். ஓட்டக்காரன் முகத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு நிறந்தான். போவட்டும், கட்டிக் குடுங்க."

வேலி

தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு வாங்க வந்தார். அந்த வருஷம்தான், அதுவரை துரைமார் மட்டும் விளையாடிய கிளப் மைதானத்தைப் பள்ளிக்கு விட்டிருந்தார்கள். புத்தகத்தை மோந்து பார்த்தார். "காப்பி வாசம் அடிக்குதே." மச்சான் உடனே, "பரிசுக்குப் பேனாவும் இருக்கு சார்," என்று பெட்டியைத் திறந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தார். அலமாரி போனது என்றே நினைத்தேன்.

கற்பூரம் வாங்க வந்த முனியாண்டி, அந்த மைதானத்தில் புல் வெட்டுகிறவர், வேலிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதே மாதிரி வேலிதான் சார். புல்லு நான் வெட்டுவேன், ரோலர் நான் இழுப்பேன். அப்பல்லாம் உள்ள ஓட விட்டதில்ல."

தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனையும் கட்டுங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, முனியாண்டி பக்கம் திரும்பினார். "இப்பதான் தொறந்துட்டாங்களே, ஓடிப் பாக்கலாமே?"

"நேத்து ஓடிப் பாத்தேன் சார். புல்லு சரியா வெட்டல."

பள்ளிக்கு இருபத்தெட்டும் கிளார்க் வீட்டுக்கு ஒன்றும் போக, தப்பித்த அலமாரியில் மிஞ்சியது எல்லாரும் ரோஜாவாக இருக்கும் அந்த ஒன்றுதான்; அதை எறும்பும் தொடவில்லை, ஆளும் தொடவில்லை.