தாராவி மர மில் லைன்

செம்பூரில் எங்கள் பக்கத்து பிளாட்டில் நேற்று புதுக் கதவுக்குத் தேக்கு அறுத்தார்கள். அந்த வாசனை வந்ததும் நான் வாசலில் போய் நின்றுவிட்டேன். "காபி ஆறிப்போச்சு. அங்க என்ன வேடிக்கை?" என்றாள் மனைவி.

அறுபதுகளில் எனக்கு முதல் வேலை தாராவி ஓரத்தில் ஒரு சின்ன மர மில்லில். சுற்றிலும் சதுப்பாக இருந்த காலத்தில் முதலாளி போட்டது. ஆட்கள் தங்க வேண்டுமே என்று பின்னாலேயே கழிவுப் பலகையில் வரிசையாக லைன் வீடுகள், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மளிகைக் கடை, எல்லாம் அவரே கட்டினார். இருந்தவர்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். நான் குமாஸ்தா, தேக்குக்கும் மருதுக்கும் வித்தியாசம் தெரியாத குமாஸ்தா. ரம்பச் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகி, மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையிலும் கத்தித்தான் பேசுவோம்.

முதலாளி இறந்ததும் பிள்ளைகள் மில்லை மூடினார்கள். நிலம் விற்கும்வரை என்னை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். காட்கோபர், டோம்பிவிலி என்று குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கோடி வீட்டுப் பேச்சியக்கா மட்டும் போகவில்லை. அவள் புருஷன் மில்லுக்கு மரம் ஏற்றிவரக் காட்டுப் பக்கம் போனவர். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. வழியில் டீ குடிக்க இறங்கியவரைக் காணோம் என்றான் டிரைவர்.

"அவுக வந்தா இங்கனதான தேடுவாக, தம்பி," என்பாள்.

அந்த மழைக்காலம் முழுக்க லைனில் நாங்கள் இருவர்தான். அவள் ஒரு கோடி, நான் மறுகோடி. ரம்பம் நின்றுபோன அமைதியில் அவள் பாத்திரம் கழுவுவதுகூட எனக்குக் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே சில நாள் வெளியே போகாமல் இருந்திருக்கிறேன். குழாயடியில் பார்த்தால் "சாப்ட்டியளா?" என்பாள். "ஆச்சுக்கா" என்பேன். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

கடைசியில் முலுண்டிலிருந்து அவள் அண்ணன் வந்து சாமான்களை டாக்ஸியில் ஏற்றினார். ஏறி உட்கார்ந்தவள் மறுபடி இறங்கி என்னிடம் வந்தாள்.

"அவுக வந்தா முலுண்டுன்னு சொல்லிருங்க, தம்பி. ஸ்டேஷன் பக்கத்துல எங்கண்ணன் இட்லிக் கடைன்னு கேட்டா காட்டுவாக."

"சொல்லுதேன்க்கா."

யாரும் வரவில்லை. நிலம் விலைபோனதும் எனக்கு மாட்டுங்காவில் ஓர் ஆபீஸில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது புது வாட்ச்மேனிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "கோயி ஆயா தோ முலுண்ட் போல்னா", யாராவது வந்தால் முலுண்டு என்று சொல், என்றேன். யார் வருவார் என்று அவன் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

பிறகு மில் கொட்டகை போயிற்று, லைன் போயிற்று, அந்த வாட்ச்மேனும் போய்விட்டான். முலுண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஸ்டேஷன் பக்கம் அப்படி ஒரு இட்லிக் கடை இல்லை. பேச்சியக்கா புருஷன் இனி வந்தாலும், எங்கே போக வேண்டும் என்று சொல்ல எனக்கே தெரியாது.