அட்டையில் இல்லாத விலாசம்

ஆஸ்பத்திரியில் யாருக்கு எப்போது வேலை, யாருடைய வீடு எங்கே என்பதெல்லாம் பதினெட்டு வருடமாக என் தலைக்குள்தான் இருந்தது. பெரிய டாக்டர்கூட என்னைக் கேட்டுத்தான் ஆள் கூப்பிடுவார். அப்படியிருக்க, புதிதாக வந்த எழுதுவினைஞர் பிள்ளை ஒருத்தி ஒரு மரப்பெட்டி நிறைய அட்டைகளை அடுக்கினாள். ஆளுக்கொரு அட்டை, தாதிகளுக்குப் பச்சை, சாரதிகளுக்கு மஞ்சள். அவசரம் என்றால் இனி என்னைத் தேட வேண்டாம், பெட்டியைத் திறந்தால் போதும். டாக்டர் அவளைப் பாராட்டிய அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன பயன்?

புயல் ஓய்ந்த காலையில், துறைமுகத்தில் ஒதுங்கியிருந்த இலங்கைத்துறை ஊர் மீனவர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். தோணி புரண்டு கால் நசுங்கியிருந்தது. இரத்தம் ஏற்றினால்தான் சத்திரசிகிச்சை. இரத்தம் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அன்று அவருக்கு லீவு. டெலிபோனும் செத்துக் கிடந்தது.

அந்தப் பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் அட்டையை உருவினாள். "வீடு ஓர்ஸ் ஹில்ல, ஐயா."

"கெட்டிக்காரி!" என்றார் டாக்டர்.

அது பழைய விலாசம். இரத்தம் பார்ப்பவருக்குப் போன மாதம்தான் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அந்தக் கலியாணத்தில் நாலு பேரோடு ஒரே சகன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவன் நான். பெண் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. புதிதாக வந்த அந்தப் பிள்ளைக்கு அழைப்பு இல்லை, விலாசம் மாறியதை நானும் சொல்லவில்லை. ஜீப் புறப்பட்டது. கொஞ்சம் அலையட்டும், பெட்டியின் லட்சணம் தெரியட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு போன ஜீப், முக்கால் மணி நேரம் கழித்து ஆள் இல்லாமல் திரும்பியது. அதன் பிறகுதான் ஓடினேன். பத்து நிமிடத்தில் ஆளைக் கூட்டி வந்தேன்.

உயிர் தப்பியது. கால் போய்விட்டது.

"கொஞ்சம் முந்தியிருந்தா காலும் தப்பியிருக்கும்," என்று டாக்டர் அந்தப் பிள்ளைமேல் எரிந்து விழுந்தார். பிறகு எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். "அட்டை கிட்டை எல்லாம் சும்மா. இவர் இருக்கிறார்தானே."

எத்தனை மாதமாக அந்தச் சொல்லுக்கு ஏங்கியிருந்தேன்!

"என்ர பிழைதான் அண்ணன். உங்களிட்ட ஒருக்காக் கேட்டிருக்க வேணும்," என்றாள் அவள், கண் கலங்கி.

"ஓம், கேட்டிருக்கலாம்," என்றேன்.

மீனவரின் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நீங்க ஓடினபடியாத்தான் இந்த மனிசன் உயிரோட கிடக்குது."

நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.